விலையைக் கூட்டினால் சனம் கசிப்புக்குப் போகுமா?

கொழும்பில் சாராய வரி கூடும் ஒவ்வொரு தடவையும் யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் ஒரே வசனம் கேட்கும். போன தடவை கொக்குவில் சந்திக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நானே கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு பெரியவர் சொன்னார்: "இவங்கள் விலையைக் கூட்டக் கூட்டச் சனம் கசிப்புக்குத்தான் போகும், பாருங்கோ தம்பி." பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். கடைக்காரரும் ஆட்டினார். உண்மையைச் சொன்னால், நானும் ஆட்டினேன். கசிப்பு என்றால் களவாக வடிக்கும் சாராயம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசனை வந்தது. இதைச் சொல்வது அந்தப் பெரியவர் மட்டும் இல்லை. உலகம் முழுக்க மதுபானக் கம்பனிகள் வரிக்கு எதிராக முதலில் எடுத்து வைக்கும் வாதமும் இதுதான். குடிப்பவருக்கும் விற்பவருக்கும் ஒரே நேரத்தில் தோதாக இருக்கிற வாதத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்கத்தான் வேண்டும். வேறு நாடுகள் ஏற்கெனவே உரசிப் பார்த்துவிட்டன. சில நாடுகள் அதற்கு உயிர்களையே விலையாகக் கொடுத்தன.

முதலில் பெரியவருக்குச் சாதகமான சாட்சி. 1985 மே மாதம் சோவியத் ஒன்றியத்தில் கொர்பச்சேவ் மதுவுக்கு எதிராக ஒரு பெரிய இயக்கத்தைத் தொடங்கினார். வொட்கா உற்பத்தி வெட்டப்பட்டது, விலை ஏறியது, கடை திறக்கும் நேரம் சுருங்கியது, தெற்குக் குடியரசுகளில் திராட்சைத் தோட்டங்களைக்கூடப் பிடுங்கி எறிந்தார்கள். கொஞ்சக் காலத்தில் கடைகளில் சீனி தட்டுப்பாடாகிவிட்டது. 'சமகோன்' என்ற வீட்டு வடிசாராயத்துக்காகச் சனம் சீனியை மூட்டை மூட்டையாக வாங்கியதுதான் காரணம். பல ஊர்களில் சீனிக்குக் கூப்பன் முறை வந்தது. கசிப்பு வடிக்கும் கோடா ஊறலை எதில் போடுவது என்று தெரிந்த நம்மூர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆகவே பெரியவர் சொன்னது சரி என்று இந்த இடத்திலேயே முடித்துவிடலாம். ஆனால் அதே ஆண்டுகளின் இன்னொரு கணக்கு இருக்கிறது. ரஷ்யாவில் ஆண்களின் சராசரி ஆயுள் 1984 இல் ஏறக்குறைய 62 வயது. 1987 இல் அது 65ஐ நெருங்கியது. மூன்றே ஆண்டுகளில் மூன்று வயது. எந்தத் தடுப்பூசியும் எந்தப் புது ஆஸ்பத்திரியும் அவ்வளவு கெதியாக ஒரு நாட்டின் ஆயுளைக் கூட்டுவது அபூர்வம். இத்தனைக்கும் ஒவ்வொரு கிராமத்திலும் சமகோன் வடிந்துகொண்டிருந்த காலம் அது. பிறகு அந்த இயக்கம் கைவிடப்பட்டது, நாடும் உடைந்தது, மலிவு வொட்கா தெருவுக்குத் தெரு வந்தது. 1994 இல் ஆண்களின் ஆயுள் 58க்கும் கீழே விழுந்தது. வேலை போனதும் வைத்திய வசதி சிதைந்ததும் அதற்குக் காரணங்கள்தான். என்றாலும் செத்தவர்கள் பெரும்பாலும் வேலை செய்யும் வயது ஆண்கள். அவர்களின் சாவுக்கும் போத்தலுக்கும் இருந்த தொடர்பைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சனம் கள்ளச் சாராயத்துக்கும் போகிறது, ஆயுளும் கூடுகிறது. இது எப்படி?

விலை ஏறும்போது கசிப்புக்குப் போவது 'சனம்' இல்லை, சனத்தில் ஒரு பகுதி. சனிக்கிழமை நண்பர்களோடு ஒரு அரைப் போத்தல் எடுப்பவர், விலை கூடினால் கால் போத்தலோடு நிறுத்திக்கொள்வார். கலியாண வீட்டில் மட்டும் குடிப்பவர் ஒழுங்கை தேடி, இருட்டில் பற்றைக்குப் பின்னால் போய் கசிப்பு வாங்க மாட்டார். வெட்கம் இருக்கிறது, பொலிஸ் பயம் இருக்கிறது, மணமே குமட்டும். இப்போதுதான் பழகத் தொடங்கும் பதினெட்டு வயதுப் பொடியனின் காசு எல்லாருடையதையும்விடக் கெதியில் முடிந்துவிடும். கசிப்புக்குப் போவது விடிய எழும்பியதும் கை நடுங்குகிறவர்தான். அவர் விலை ஏறுவதற்கு முன்னமே கால்வாசி அங்கே போய்விட்டவர்.

கள்ளச் சாராயத்துக்கு மாறுவது நடக்காமல் இல்லை, ஆனால் குறைந்த ஒவ்வொரு போத்தலுக்கும் ஈடாக ஒரு போத்தல் கசிப்பு ஓடுவதில்லை. இலங்கையிலேயே இதற்கு வேறொரு துறையில் பெரிய சான்று இருக்கிறது. 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதம் இருந்த நாடுகளில் நாமும் ஒன்று, லட்சம் பேருக்கு 47. கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 'சாக நினைத்தவன் வேறு வழி தேடுவான்' என்ற பேச்சு அப்போதும் இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வீதம் ஏறக்குறைய 70 சதவீதம் விழுந்தது. மனிதரின் மனத்தை மாற்றி அதைச் சாதிக்கவில்லை. ஆபத்தான பொருளைக் கைக்கெட்டாமல் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான்.

எதிர்த்திசையிலும் ஒரு சாட்சி உண்டு. 2004 மார்ச்சில் பின்லாந்து மது வரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பக்கத்து எஸ்தோனியா அந்த வருடம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரப்போகிறது, அங்கிருந்து மலிவுச் சரக்கைக் கப்பலில் அள்ளிக்கொண்டு வருவார்கள் என்ற பயம்தான் காரணம். இது 'சனம் கசிப்புக்குப் போகும்' வாதத்தின் வெள்ளைக்காரப் பதிப்பு. வரியைக் குறைத்தார்கள். குடி கூடியது, மதுவால் வரும் சாவுகளும் கூடின. அதிலும் வயதான, வசதி குறைந்த ஆண்கள்தான் அதிகம். பிந்திய ஆண்டுகளில் வரியை மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று.

ஸ்கொட்லாந்து செய்தது இன்னும் நுட்பமானது. 2012 இல் சட்டம் போட்டார்கள். விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் நீதிமன்றம் போய் உச்ச நீதிமன்றம் வரைக்கும் இழுத்தது. கடைசியில் 2018 மே முதலாம் தேதிதான் அமலுக்கு வந்தது. சட்டத்தின் கரு எளிது: ஒரு பானத்தில் எவ்வளவு சுத்த மதுசாரம் இருக்கிறதோ அதற்கேற்ப ஒரு அடிமட்ட விலை, அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. பத்து மில்லிலீற்றர் சுத்த மதுசாரம் ஒரு அலகு, அதற்கு 50 பென்ஸ். 700 மில்லிலீற்றர், 40 சதவீத விஸ்கிப் போத்தலில் 28 அலகு இருக்கிறது, ஆகவே 14 பவுண்டுக்குக் குறைந்து அது கிடைக்காது. விலையுயர்ந்த விஸ்கி குடிப்பவருக்கு இதனால் ஒரு சதமும் கூடவில்லை. அடி வாங்கியது பிளாஸ்ரிக் கலனில் விற்ற மலிவு சைடரும் மலிவு வொட்காவும்தான். முழுக்க மதுவால் மட்டுமே வரும் சாவுகள், இந்தச் சட்டம் இல்லாதிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய அளவைவிட 13.4 சதவீதம் குறைந்ததாக 2023 இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதற்காக ஸ்கொட்லாந்து குடியிலிருந்து மீண்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெருந்தொற்றுக் காலத்தில் சாவுகள் திரும்ப ஏறி, 2023 இல் மட்டும் 1,277 பேர் போனார்கள். விலைவாசி ஏற ஏற அந்த 50 பென்ஸின் பெறுமதியும் கரைந்துபோனதால் 2024 செப்டெம்பர் கடைசியில் அதை 65 பென்ஸ் ஆக்கினார்கள்.

இந்தக் கணக்கை நம்மூர்ப் போத்தல்களுக்குப் போட்டுப் பார்த்தேன். 750 மில்லிலீற்றர் சாராயம், 33.5 சதவீதம் என்றால் அதில் ஏறக்குறைய 250 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம். 8.8 சதவீத 'ஸ்ரோங்' பியர் பெரிய போத்தல் ஒன்றில் 55. பனங்கள்ளின் வலு மரத்துக்கு மரம், நேரத்துக்கு நேரம் மாறும். ஐந்து சதவீதம் என்று வைத்தால் ஒரு போத்தலில் 37 வரும். 'நான் பியர்தானே குடிக்கிறேன்' என்பவர்கள் இந்த 55ஐயும் 37ஐயும் ஒருக்கால் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாலரைப் பெரிய போத்தல் ஸ்ரோங் பியர் ஒரு முழுப் போத்தல் சாராயத்துக்குச் சமம். வரி போடும்போது இந்தச் சுத்த மதுசாரக் கணக்குத்தான் அடிப்படையாக இருக்க வேண்டும். பானத்தின் பெயரோ, அதைக் குடிப்பவரின் அந்தஸ்தோ கணக்கில் வரக் கூடாது.

இலங்கைச் சட்டம் தாளில் பார்த்தால் உலகத் தரம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பதைத் தடைசெய்தது. விளம்பரத்தையும் அனுசரணையையும் அடியோடு நிறுத்தியது. ஐரோப்பாவில் விளம்பரக் கட்டுப்பாட்டுக்கு முன்னோடி என்று பேசப்படும் பிரான்சின் 1991 சட்டம்கூட இவ்வளவு தூரம் போகவில்லை. போயா நாளில் கடை பூட்டு. இதெல்லாம் சரி. சில நேரங்களில் எங்கள் கொள்கை சுகாதாரத்தை விட்டு வேறெங்கோ போய்விடும். பெண்கள் மது வாங்குவதைத் தடுத்த 1979 ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களில் ஜனாதிபதி சிறிசேன அதைத் திரும்பக் கொண்டுவரச் செய்தார். நாடே இரண்டு கிழமை அதைப் பற்றித்தான் கதைத்தது. 2015 ஆம் ஆண்டை அண்டிய தேசிய ஆய்வில் ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் குடிப்பவர், பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நோய் ஒரு பக்கம் இருக்க, மருந்தை மற்றப் பக்கத்துக்குப் பூசுகிற வேலை அது.

அந்த ஆய்வுக் கணக்கு இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019 இல் ஒரு ஆளுக்குரிய உலகச் சராசரி நுகர்வு 5.5 லீற்றர் சுத்த மதுசாரம். இலங்கையின் சராசரி அதைவிடக் குறைவு என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. குடிக்காத பெண்களையும் குடிக்காத மூன்றில் இரண்டு பங்கு ஆண்களையும் சேர்த்துப் பங்கு போட்டால் எந்தச் சராசரியும் சின்னதாகத்தான் தெரியும். குடிக்கிற அந்த ஒருவரின் பங்கைத் தனியாக எடுத்தால் கதை வேறு. அதே வருடம் உலகில் மதுவால் செத்தவர்கள் 26 லட்சம் பேர், அதில் ஆண்கள் 20 லட்சம்.

வரிக்கு வருவோம். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2023 ஜனவரியில் 20 சதவீதம், ஜூலையில் இன்னொரு 20, 2024 ஜனவரியில் 14, 2025 ஜனவரியில் 6 என்று மது வரி ஏறியது. இது சுகாதார அமைச்சின் யோசனை அல்ல, திறைசேரியின் தேவை. நோக்கம் எதுவாக இருந்தாலும் பலன் ஒன்றுதான்: வரி கட்டிய சாராயத்தின் விற்பனை விழுந்தது. உடனே 'கசிப்பு பெருகிவிட்டது, வரியைக் குறையுங்கள்' என்ற குரல் எழுந்தது. பெருகியிருக்கலாம். ஆனால் அதற்கு மருந்து வரியைக் குறைப்பதா என்பதற்கு மறுபடி ரஷ்யாவையே கேட்கலாம், இந்த முறை 2000க்குப் பிந்திய ரஷ்யாவை. கொர்பச்சேவ் போல ஒரே நாளில் பூட்டுப் போடாமல், ஆலையிலிருந்து கடை வரைக்கும் ஒவ்வொரு போத்தலையும் கணினியில் பின்தொடர்ந்தார்கள். வொட்காவுக்கு அடிமட்ட விலை வைத்தார்கள். இரவு விற்பனையை நிறுத்தினார்கள். 2003க்கும் 2016க்கும் இடையில் மொத்த நுகர்வு 43 சதவீதம் குறைந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது கள்ளச் சாராயத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. வரி ஏறிய அதே காலத்தில் கள்ளச் சரக்கும் குறைந்தது. இரண்டையும் ஒரே கையால் பிடித்ததுதான் காரணம்.

முழுத் தடை என்று வந்தால் கணக்கு மாறும். பீகாரில் 2016 ஏப்ரலில் மதுவிலக்கு வந்தது. குடிப்பழக்கமும், வீட்டுக்குள் மனைவிமார் வாங்கும் அடியும் உண்மையிலேயே குறைந்ததாக 2024 இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஏறக்குறைய 21 லட்சம் பெண்கள் அந்த வன்முறையிலிருந்து தப்பினார்கள் என்பது அதன் மதிப்பீடு. அதே பீகாரில் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச் சாராயம் குடித்து எழுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். தமிழ்நாட்டில் மதுவிலக்கு இல்லை, கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கு மேல் போனார்கள். தடை இருந்த இடத்திலும் நடந்தது, தடை இல்லாத இடத்திலும் நடந்தது. சீனியைப் புளிக்கவிட்டு வடித்தால் வருவது பெரும்பாலும் எத்தனோல், அதாவது வழக்கமாகக் குடிக்கும் மதுசாரம்தான். கூட்டம் கூட்டமாகச் சாவு விழுவது யாரோ தொழிற்சாலைக்குரிய மெத்தனோல் என்ற நஞ்சை வாங்கிக் கலக்கும்போது. அதைத் தடுக்க மெத்தனோல் எங்கிருந்து யாருக்குப் போகிறது என்று கண்காணிக்க வேண்டும், சாராய விலையை ஆட்டி அதைத் தடுக்க முடியாது. கசிப்பு குடித்தால் ஒன்றும் ஆகாது என்று இதற்கு அர்த்தம் எடுக்க வேண்டாம். வலு தெரியாமல் குடிக்கும் பானம் ஈரலைக் கரைக்க மெத்தனோல் தேவையில்லை.

தமிழ்நாட்டைப் பற்றிப் பேச வந்தால் கள்ளை விட்டுவிட முடியாது. பாக்கு நீரிணையின் இரண்டு பக்கமும் ஒரே பனை. அங்கே 1987 இல் இருந்து கள் இறக்கத் தடை. 2003 இல் இருந்து பிராந்தியும் ரம்மும் அரசின் டாஸ்மாக் கடைகளில் மட்டும், ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். ஐந்து சதவீதப் பானம் குற்றம், நாற்பது சதவீதப் பானம் அரசாங்க வியாபாரம். இதற்குச் சுகாதார விளக்கம் ஏதாவது இருந்தால் நானும் கேட்க ஆவலாக இருக்கிறேன். சுவீடனிலும் மது விற்பது அரசு நிறுவனம்தான். ஆனால் அங்கே சனிக்கிழமை பின்னேரத்தோடு கடை பூட்டு, ஞாயிறு முழுக்கப் பூட்டு, கூட விற்க வேண்டும் என்று எவருக்கும் இலக்கு இல்லை. அரசு விற்கிறதா, தனியார் விற்கிறாரா என்பதைவிட, கூட விற்றால் யாருக்கு லாபம் என்பதுதான் முக்கியம்.

யாழ்ப்பாணத்தில் கள்ளு சட்டத்துக்குள் இருக்கிறது. சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, 1978 இல் இருந்து பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது, திக்கத்தில் பனஞ்சாராய வடிசாலை உண்டு. ஒரு காலத்தில் இங்கே மதுவிலக்குப் பேசிய மேடைகளில் இருந்தவர்கள் வேறு சமூகம், அதனால் பிழைப்பு ஆட்டம் கண்டவர்கள் மரத்தில் ஏறிய சமூகம். கள்ளுத் தவறணையை மூடச் சொன்ன பலருக்கு வீட்டு அலுமாரிக்குள் இருந்த பிராந்திப் போத்தல் உறுத்தவில்லை. கொள்கைகளை ஒப்பிடும்போது இந்தப் பழைய கணக்கையும் மறந்துவிடக் கூடாது. கள்ளு மருந்து, உடம்புக்குக் குளிர்ச்சி என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. புளிக்காத பதநீரான கருப்பணி வேறு, கள்ளு வேறு. பனையோலைப் பிளாவில் ஊற்றினாலும் போத்தலில் ஊற்றினாலும் எத்தனோல் எத்தனோல்தான். என்றாலும் கள்ளைத் தேக்கி வைக்க முடியாது, காலையில் இறக்கியது பின்னேரம் புளிக்கும், பருவம் முடிந்தால் முட்டி காலி. இயற்கையே போட்ட அந்தக் கட்டுப்பாடு சாராயப் போத்தலுக்கு இல்லை. மதுசாரத்தின் அளவுக்கு ஏற்ப வரி போட்டால் கள்ளு தானாகவே மலிவான பக்கத்தில் நிற்கும், சீவுகிறவருக்கும் நாலு காசு வரும்.

விலைக்கு அடுத்தது கடை எங்கே இருக்கிறது என்பது. வடக்கில் 2009க்குப் பிறகு வீதி திறந்தது, கடனும் வந்தது, சாராயக் கடையும் வந்தது. போர் விட்டுப்போன காயங்களின் மேல்தான் இந்தக் குடி படிந்தது என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போன்றவர்கள் நெடுங்காலமாக எழுதி வந்திருக்கிறார்கள். 2024 இல் மட்டும் நாடு முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட புது மதுபான அனுமதிகள் கொடுக்கப்பட்டதாக அந்த வருடக் கடைசியில் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டது. வரி ஒரு பக்கம் குடியைக் குறைக்க இழுக்கிறது, அனுமதிப் பத்திரம் மற்றப் பக்கம் கூட்ட இழுக்கிறது. நடந்துபோகும் தூரத்தில் கடை வந்தால் பெற்றோல் காசு மிச்சம், அந்த மிச்சத்துக்கும் ஒரு கால் போத்தல்.

அப்புறம் அந்தக் கை நடுங்குகிறவர். வரியும் கடை நேரமும் அவரைத் திருத்தாது. கடுமையாக அடிமைப்பட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிரே போகலாம். 2020 ஊரடங்கில் கடைகள் பூட்டியபோது கேரள அரசு அப்படிப்பட்டவர்களுக்கு வைத்தியரின் சீட்டில் மது கொடுக்க உத்தரவு போட்டது. உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அந்த யோசனை பிழை என்று வைத்தியர்களே சொன்னார்கள், ஆனால் அந்தப் பிரச்சினை இருந்தது உண்மை. தாய்லாந்து இதற்கு வேறு வழி பார்த்தது. 2001 இல் இருந்து மது, புகையிலை வரியோடு மேலதிகமாக 2 சதவீதம் அறவிட்டு, திறைசேரிக்குள் கலக்காமல் நேரே ஒரு சுகாதார மேம்பாட்டு நிதியத்துக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் நாலு தடவை கூட்டிய வரியில் ஒரு சின்னப் பங்கு தெல்லிப்பழை மனநலப் பிரிவு போன்ற இடங்களுக்குப் பெயர் குறித்து வந்திருந்தால், கசிப்புக்குப் போகும் அந்தச் சிலரைப் பற்றி நாங்கள் வேறு விதமாகக் கதைத்துக்கொண்டிருப்போம்.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு அதே கடையில் அந்தப் பெரியவரை மறுபடி கண்டேன். விலை கூடிய பிறகு நீங்களும் கசிப்புக்குப் போனீங்களா ஐயா என்று பகிடியாகத்தான் கேட்டேன்.

"நானோ? எனக்கென்ன விசரே தம்பி? முந்திக் கிழமைக்கு ஒரு கால் போத்தல் எடுத்தனான். இப்ப மாசத்துக்கு ஒண்டு எடுக்கிறதே பெரிய பாடு."